மூன்று பொன், நான்கு வாய்

மூன்று பொன். அதற்கு மேல் ஒரு குன்றிமணி எடைகூடக் கிடையாது. முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு வருஷத்தில், ஏரி தூர் வாரும் நான்கு பேர் அரண்மனைக் கருவூலத்தில் வாங்கிய கடன் அவ்வளவுதான். எந்த நாடு என்று கேட்காதீர்கள். கடன் இல்லாத நாடு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அது இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நால்வரில் மூத்தவள் வீராயி. மண்கூடை சுமந்து சுமந்து உச்சந்தலை மயிர் தேய்ந்தவள். அவள் கொழுந்தன் மாயாண்டி கடப்பாரை போடுகிறவன். மற்ற இருவர் அவர்களோடு வேலைக்கு வரும் அண்ணன் தம்பிகள். கடனை நால்வரும் சேர்ந்துதான் வாங்கினார்கள். சேர்ந்துதான் கேழ்வரகு வாங்கி, ஒரே சட்டியில் கூழ் காய்ச்சிக் குடித்தார்கள். மழை வந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். மழையும் வந்தது. ஆனால் மழைக்கு முன்னால் ஒரு சட்டம் வந்துவிட்டது.

அந்த நாட்டு அரசர் சிங்கேறு பூபதி. கெட்டவர் இல்லை. வயிறு நிறைந்திருந்தால் ஊருக்கே சோறு போடச் சொல்வார். பசித்திருந்தால் மட்டும் யாரும் கிட்டே போகக்கூடாது. அவருக்கு எதுவும் முழுசாக இருக்க வேண்டும். தேங்காய் மூடியாக வந்தால் பிடிக்காது. பிறை நிலாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் புலவர் ஒருவர் சபையில் எழுந்து, அரசருடைய நாடு நாலே முக்கால் காதம் நீளம் என்று புகழ்ந்து பாடினார். பாடியது நல்ல பாட்டுத்தான். அரசர் காதில் விழுந்தது அந்த முக்கால் மட்டும். மீதிக் கால் காதத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்.  அன்றோடு புலவர் பாடுவதையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள்.

அப்போது எழுந்தவர் கருவூலத்தின் பெரிய கணக்கர் ஏகாம்பரனார். உடைந்த கண்ணாடியை யாரும் வீட்டில் வைப்பதில்லை, விரிசல் விட்ட பானையில் யாரும் பொங்கல் வைப்பதில்லை, அப்படியிருக்க உடைந்த எண்ணை மட்டும் அரண்மனையில் வைத்திருக்கலாமா என்று கேட்டார். அரசருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று மாலையே பறை அறைந்துவிட்டார்கள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று எந்த உடைந்த எண்ணையும் இனி யாரும் வாயால் சொல்லக்கூடாது, ஓலையில் எழுதக்கூடாது. சொன்னவர் விரிசல் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ராஜவீதியைச் சுற்றிவர வேண்டும்.

சரி, கணக்கு என்றால் உடைசல் வரத்தானே செய்யும், அதற்கு என்ன வழி? ஏகாம்பரனார் வழி வைத்திருந்தார். கருவூலம் வாங்கும்போது உடைசலை முழுசாக்கி வாங்கிக்கொள்ளும். கருவூலம் கொடுக்கும்போது உடைசலை உதிர்த்துவிட்டுக் கொடுக்கும். எந்தப் பக்கம் பார்த்தாலும் கருவூலத்துக்கு லாபம். ஒன்றரை நாள் மண் சுமந்தவனுக்கு ஒரு நாள் கூலி வந்தது. அரை உழக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தவள் ஒரு உழக்கு வாங்கினாள், இல்லாவிட்டால் தாளிக்காமல் தின்றாள்.

அரண்மனையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கடன் சேர்ந்து வாங்கினாலும், ஆளுக்கு ஓர் ஓலை தனித்தனியாக எழுதுவார்கள். மூன்று பொன்னை நான்கு ஓலையில் எழுதினால் ஆளுக்கு முக்கால் பொன். முக்கால் உடைந்த எண். வாங்கும்போது முழுசாக்க வேண்டும். ஆக, ஆளுக்கு ஒரு பொன். மூன்று பொன் வாங்கியவர்கள் தலையில் நான்கு பொன் உட்கார்ந்துவிட்டது. அரசர் பிறந்த நாள் சாயங்காலத்துக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடன் தீரும்வரை அரண்மனைக் குளத்தைக் கூலியில்லாமல் வெட்ட வேண்டும். கூலியே இல்லாதவனுக்குக் கடன் எப்படித் தீரும்? அவன் பேரன் காலத்திலும் தீராது.

அந்தச் சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடகவி இருந்தான். மூத்த பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, எமனுக்கே பிடிக்காத பேராகப் பார்த்து வைப்பார்கள். அப்படி வந்த பேர். சபையில் இருந்த பெரிய மனிதர்கள் அந்தப் பேரைச் சொல்லும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வது போலச் சொல்வார்கள். அரசர் மட்டும் அதைச் சர்க்கரை போலச் சொல்வார். அதுதான் ஏகாம்பரனாருக்கு வயிற்றெரிச்சல். அவர் முப்பது கட்டு ஓலையைப் படித்துக் காட்டினாலும் அரசர் கொட்டாவி விடுவார். குப்பாண்டி வாசலில் செருப்பைக் கழற்றினாலே அரசருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பிறந்த நாளுக்கு முதல் நாள் காலையில் குப்பாண்டி வடக்கு வாசல் வழியாக அரண்மனைக்குள் போய்க்கொண்டிருந்தான். மதிலோரத்தில் வீராயி கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, கூடையக் கவுத்துட்டு உக்காந்துட்ட?"

"கூடையில இருந்தா எறக்கி வைக்கலாம். மண்டைக்குள்ள இருக்கறத எங்க தம்பி எறக்குறது?" என்றாள் வீராயி. "மூணு பொன்னு வாங்கினோம். நாலு கேக்குறாங்க. அந்த நாலாவது பொன்ன யாரு தின்னா? நான் திங்கல. என் கொழுந்தன் திங்கல. நீ தின்னியா?"

"நான் தின்னிருந்தா இப்படி ஒட்டடக்குச்சியாட்டமா இருப்பேன்?"

வீராயி சிரிக்கவில்லை. சிரிக்க வைப்பதே பிழைப்பாகக் கொண்டவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அவனுடைய அம்மாவும் மண் சுமந்தவள்தான். சும்மாட்டுத் துணியை உதறி மடிக்கும்போது அம்மா முகம் இப்படித்தான் இருக்கும். அவன் வேறொன்றும் சொல்லாமல், சபை முடிந்து வருகிறவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சபையில் அன்று அரசர் நல்ல மனநிலையில் இருந்தார். பிறந்த நாள் கொடையாக, ஏரி வேலைக்காரர்கள் கருவூலத்துக்குத் தர வேண்டிய கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய நினைத்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பாதி என்பதும் உடைந்த எண்தானே. ஏகாம்பரனார் சட்டென்று எழுந்து, "இரண்டுக்கு ஒன்று என்று திருவாய் மலர்ந்தருளலாம், மகாராஜா. இரண்டும் முழு எண், ஒன்றும் முழு எண்," என்றார். அரசர் மகிழ்ந்துபோய் அப்படியே சொன்னார். பக்கத்தில் இருந்த ராணியம்மாவும், தன் சீதன நிலத்து வருமானத்திலிருந்து ஒவ்வொரு ஏரிக் கூட்டத்துக்கும் இரண்டு பொன் கடனைக் கழித்துவிடுவதாகச் சொன்னார்.

குப்பாண்டி விரலை மடக்கிப் பார்த்தான். மூன்று பொன். அரசர் கொடையில் பாதி போனால் ஒன்றரை. ராணியம்மா கொடையில் இரண்டு போனால் கடன் தீர்ந்து, மேற்கொண்டு அரைப் பொன் கருவூலம்தான் தர வேண்டிவரும். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீராயியிடம் ஓடிப்போய்ச் சொல்லத் திரும்பினான். அதற்குள் ஏகாம்பரனார் நான்கு ஓலைகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். வீராயி கூட்டம், ஆளுக்கு ஒரு பொன், ஆக நான்கு பொன், நாளை சாயங்காலத்துக்குள்.

கொடைக்கு முன்னாலும் நான்கு, கொடைக்குப் பின்னாலும் நான்கு. இரண்டு கொடையும் ஆற்றில் கரைத்த புளியாகப் போய்விட்டன. அது எப்படி என்று குப்பாண்டி கேட்டான்.

ஏகாம்பரனார் பொறுமையாகவே விளக்கினார். மூன்று பொன்னில் முதலில் ராணியம்மாவின் இரண்டு பொன்னைக் கழித்தாயிற்று. மீதி ஒன்று. பிறகு மகாராஜாவின் கொடைப்படி அதில் இரண்டுக்கு ஒன்று போயிற்று. மிஞ்சியதை நான்கு ஓலையில் ஏற்றினால் ஆளுக்கு வருவது முழுசாக இல்லை. முழுசாக்கினால் ஆளுக்கு ஒரு பொன். "இரண்டு கொடையும் கொடுத்தாகிவிட்டது. சட்டமும் நடந்தாகிவிட்டது. இதில் குறை என்ன?"

குப்பாண்டிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் விகடகவிக்கு நாக்கு வழுக்கும். "ஆரம்பத்திலேயே ஆளுக்கு முக்கால் பொன்தானே ஐயா..." என்று சொல்லிவிட்டான்.

 ஏகாம்பரனார் காதைப் பொத்திக்கொண்டார். அவர் பின்னால் நின்ற உதவிக் கணக்கர்களும் பொத்திக்கொண்டார்கள். விரிசல் பானையைக் கொண்டுவரச் சொல்லி ஒருவர் சேவகனை அனுப்பியும் விட்டார். அரசருக்குக் குப்பாண்டியைப் பானையோடு பார்க்க மனமில்லை. சட்டத்தை விடவும் வழியில்லை. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு யோசனை வந்தது. அரசர்களுக்கு யோசனை வந்தால் அடுத்தவனுக்குக் கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"குப்பாண்டி, நாளைய விருந்தில் உன் கையில் மூன்று அதிரசம் தரப்படும். அதை நான்கு பேருக்குச் சமமாக நீ பங்கிட வேண்டும். நான்காவது அதிரசம் கொண்டுவரக்கூடாது. யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது. உடைந்த எண் ஒன்றுகூட உன் வாயில் வரக்கூடாது. பங்கிட்டுவிட்டால் நீ அந்த எண்ணைச் சொன்ன குற்றத்தையும் மன்னித்து, வீராயி கூட்டத்தின் வழக்கையும் நானே கேட்கிறேன்."

"தவறினால், அரசே?" என்று கேட்டவர் ஏகாம்பரனார்.

"தவறினால் அவனும் அவர்களோடு குளம் வெட்டட்டும்."

"அதிரசம் சாப்பிடப்போகும் நான்கு பேர் யார் யார் என்று மகாராஜா சொல்லவில்லையே," என்றான் குப்பாண்டி.

"யாராக இருந்தால் என்ன? நீயே உட்கார வை," என்று அரசர் கையை வீசினார்.

சபை கலைந்ததும் குப்பாண்டி முதலில் மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையற்காரரிடம் ஏதோ காதோடு சொன்னான். அவர் இப்படியும் ஒருத்தன் கேட்பானா என்பது போலத் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வடக்கு வாசலுக்குப் போய், நாளைக்கு விருந்துக்கு வர வேண்டும் என்று வீராயியிடம் சொன்னான்.

"எச்சி எல எடுக்கவா?" என்று கேட்டாள் அவள்.

"எலையில உக்கார, அக்கா."

வீராயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வேகாத வெயில்ல அலைஞ்சா இப்படித்தான் பேச்சு வரும். போய் மோரு குடி தம்பி," என்றாள்.

மறுநாள் நடுப்பகல். விருந்து மண்டபத்தில் நான்கு தலைவாழை இலைகள் விரித்திருந்தன. அரசர் உட்கார்ந்தார். ராணியம்மா உட்கார்ந்தார். மூன்றாவது இலைக்குக் குப்பாண்டி ஏகாம்பரனாரை அழைத்தான். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். அரசரோடு ஒரே வரிசையில் இதுவரை உட்கார்ந்ததில்லை. நான்காவது இலைக்கு வீராயி, கூடையைத் தூணோரம் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். துவைத்த சேலைதான், ஆனாலும் ஏரி மண்ணின் சிவப்பு ஓரத்தில் போகவில்லை. அவள் இலைக்கு எதிரே உட்காராமல் இலைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாராக இருந்தால் என்ன என்று சொன்னது அரசர் வாய். ஆகையால் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

குப்பாண்டி மூன்று அதிரசத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தான். நெய் மணந்தது. அரசர் அன்று விரதம் இருந்தவர், விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்தான். குப்பாண்டி அவர் இலைக்கு முன்னால் நின்று, குனிந்து, எதையும் வைக்காமல் நிமிர்ந்து அடுத்த இலைக்குப் போனான். ராணியம்மா இலையிலும் அப்படியே. ஏகாம்பரனார் இலையிலும், வீராயி இலையிலும் அப்படியே. பிறகு தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

"பங்கிட்டாகிவிட்டது, மகாராஜா."

"என் இலையில் ஒன்றும் இல்லையே."

"யார் இலையிலும் இல்லை, அரசே. மூன்றை நான்கு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு வருவது முழுசாக இல்லை. கொடுக்கும்போது உடைசலை உதிர்த்துவிட வேண்டும் என்பது சட்டம். உதிர்த்தேன். எல்லாருக்கும் சமமாக ஒன்றுமில்லை."

"தட்டில் மூன்றும் அப்படியே இருக்கிறதே?"

"அது கருவூலத்துக்கு. இன்னொன்று, இந்த விருந்துக்கு ஆளுக்கு ஓர் அதிரசத்தின் விலையைப் பெரிய கணக்கர் வாங்கிக்கொள்வார். வாங்கும்போது முழுசாக்க வேண்டுமல்லவா?"

தூணோரத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அரசர் முகம் சிவந்தது. பசியோடு இருக்கிறார் என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா. "சட்டம் கிடக்கட்டும். நீ கையால் பங்கிடு," என்றார்.

குப்பாண்டி காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். முதல் அதிரசத்தை எடுத்து நான்கு துண்டாகப் பிய்த்து, இலைக்கு ஒன்று வைத்தான். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதையும் அப்படியே. வைத்துக்கொண்டே எண்ணினான். அரசருக்கு மூன்று. ராணியம்மாவுக்கு மூன்று. கணக்கருக்கு மூன்று. வீராயி அக்காவுக்கு மூன்று. தட்டில் மீதி இல்லை. இல்லை என்று போனவர் யாரும் இல்லை.

ஏகாம்பரனார் துள்ளி எழுந்தார். "மகாராஜா, இவை உடைந்தவை. இலையில் இருப்பது அந்தச் சொல்லக்கூடாத எண்தான்."

"பண்டம்தான் உடைந்தது ஐயா, எண் உடையவில்லை," என்றான் குப்பாண்டி. "அதிரசம் மூன்று, முழுசு. சாப்பிட வந்தவர் நான்கு பேர், அவர்களும் முழுசு. மேலே பண்டம், கீழே வாய். மூன்றை நான்கு வாய்க்குப் பங்கிடு என்கிற வேலைக்கு ஊரார் ஒரு பேர் வைத்தார்கள், அவ்வளவுதான். நேற்று தாங்கள் மகாராஜாவுக்கு இரண்டுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுத்தீர்களே, அது முழுசு என்றால் நான்குக்கு மூன்று எப்படி உடைசல் ஆகும்?"

ஏகாம்பரனார் உட்கார்ந்தார். அரசர் தன் இலையிலிருந்த மூன்று துண்டையும் சுட்டு விரலால் நகர்த்தி நகர்த்திச் சேர்த்துப் பார்த்தார். சேர்த்தால் ஓர் அதிரசம் போலத்தான் இருந்தது, ஒரு துண்டுக்கு மட்டும் இடம் காலி. "அப்படியென்றால், என் புலவர் சொன்ன அந்த... நான் சொல்லக் கூடாத எண்... அதில் எதுவும் காணாமல் போகவில்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"காணாமல் போகவில்லை, மகாராஜா. பங்குக்குப் போயிருக்கிறது."

அரசர் பதில் சொல்வதற்குள் அவர் கண் நான்காவது இலைக்குப் போயிற்று. வீராயி சாப்பிடவில்லை. தன் மூன்று துண்டையும் முந்தானையில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடியும் நான்காகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். விரல் தடித்துப் போயிருந்தாலும் துண்டுகள் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லாமல் விழுந்தன.

"ஏனம்மா, பிடிக்கவில்லையா?" என்று கேட்டார் ராணியம்மா.

"பிடிக்காம என்ன தாயி," என்றாள் வீராயி. தலையை நிமிர்த்தவில்லை. "வாசல்ல மூணு பேரு நிக்கறாங்க. என்னோட நாலு. எலையில இருக்கறது மூணு. எங்க வூட்டுல தெனமும் இந்தக் கணக்குத்தான். மூணு இருக்கும், நாலு பேரு இருப்போம்."

  அரசர், வாசலில் நிற்பவர்களை உள்ளே அழைத்து இலை போடச் சொன்னார். மாயாண்டியும் அந்த அண்ணன் தம்பிகளும் வந்து, கடப்பாரையைத் தூணில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். சோறு வந்தது, குழம்பு வந்தது. அரசர் பசி அடங்கச் சாப்பிட்டார். கடைசியில் அவருக்கு மிகவும் பிடித்த தயிர் வந்தது.

வந்தது தயிர்தானா என்று சந்தேகமாக இருந்தது. வெள்ளிக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் தனியாக நிற்க, நடுவே வெள்ளைத் திரி திரியாக ஏதோ மிதந்தது. அரசர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, சமையற்காரர் எங்கே என்றார்.

"அவர்மேல் குற்றமில்லை, மகாராஜா. நான்தான் சொன்னேன்," என்று குப்பாண்டி முன்னால் வந்தான். "தயிருக்கு இரண்டு வேலை. பாலைக் காய்ச்ச வேண்டும். உறைமோர் ஊற்ற வேண்டும். இரண்டும் செய்தாகிவிட்டது. முதலில் மோரை ஊற்றி, பிறகு காய்ச்சினார்கள். இதில் குறை என்ன?"

நேற்றுச் சபையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி யாருடையது என்று நினைவிருந்தது. எல்லார் தலையும் ஏகாம்பரனார் பக்கம் திரும்பியது.

"எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று இல்லையா?" என்றார் அரசர். "மூடனும் அறிந்ததாயிற்றே."

"பாலுக்கு உண்டு என்றால் பொன்னுக்கும் உண்டு, அரசே. ஒரு வேலையின் கையிலிருந்து வருவதைத்தான் அடுத்த வேலை வாங்கிக்கொள்கிறது. கை மாறினால் கணக்கு மாறும். கூட்டத்துக்கு மூன்று பொன் கடன். தங்கள் கொடை முன்னால் போனால் ஒன்று... நான் சொல்லக்கூடாது, ஒன்றுக்கு மேலே, இரண்டுக்குக் கீழே. அதற்குப் பின்னால் ராணியம்மாவின் இரண்டு பொன் வந்தால் கடனே இல்லை. நேற்றோ, கணக்கர்கள் ராணியம்மாவின் கொடையை முன்னால் தள்ளிவிட்டார்கள். தங்கள் கொடை பின்னால் வந்து, கடனையும் வெட்டி, ராணியம்மா கொடையையும் சேர்த்து வெட்டிவிட்டது."

ராணியம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "என் இரண்டு பொன்னில் ஒரு பொன் வெட்டுப்பட்டதா?"

"ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பொன், தாயே."

அரசர் யோசித்தார். அவருக்குக் கணக்குப் பிடிபட்டதோ இல்லையோ, வேறொன்று நன்றாகப் பிடிபட்டது. அந்த நாட்டில் அரசருக்கு முன்னால் குடையும் போகாது, விளக்கும் போகாது, ராணியின் பல்லக்கும் போகாது. "என் கொடைக்கு முன்னால் இன்னொரு கொடையை நடக்க விட்டது யார்?" என்று கேட்டார்.

ஏகாம்பரனார் எழுந்து நின்றார்.  அப்படி வைத்தால் கூட்டத்துக்கு ஒரு பொன் கருவூலத்துக்கு மிஞ்சுகிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு யாரும் கேட்காததையும் சொன்னார். முந்தைய அரசர் காலத்தில் அவருடைய தகப்பனார் இதே கருவூலத்தில் கணக்கர். ஒரு நாள் கணக்கில் கால் பணம் துண்டு விழுந்தது. அதற்காக அவரை நடு வீதியில் நிற்க வைத்து முத்திரை மோதிரத்தைக் கழற்றி அனுப்பினார்கள். "அன்றிலிருந்து உடைந்த எண்ணைக் கண்டால் எனக்குக் குலை நடுங்கும், மகாராஜா. ஒரு நாளும் குறையக்கூடாது, கூடினால் பரவாயில்லை என்றே எழுதி வந்தேன்."

குப்பாண்டிக்கு இதற்கு ஒரு விகடம் நாக்கு நுனியில் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. பயந்தவன் தலைச்சுமையை அடுத்தவன் தலையில் ஏற்றுவது புதிதில்லை. ஏற்றியவன் கழுத்திலும் வலி இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அரசரும் அவரைத் தண்டிக்கவில்லை. ஓலைகளைக் கொண்டுவரச் சொல்லி, முறை மாற்றி அவரையே எழுதச் சொன்னார். ஏகாம்பரனார் எழுத்தாணியை எடுத்தார். மூன்று பொன். மகாராஜா கொடை முன்னால். எழுத்தாணி நின்றுவிட்டது. அடுத்து வர வேண்டிய எண்ணை அவர் கை எழுத மறுத்தது.

"ஒன்றரை," என்றார் அரசர். "எழுதும்."

 சொன்னபிறகுதான் அரசருக்கே உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். கூரை இடிந்து விழவில்லை. நாடும் உடையவில்லை. மெல்ல அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்த விரிசல் பானையைக் கொண்டு வாருங்கள். எனக்குத்தான்," என்றார். பானை வந்தது. அதைத் தலையில் கவிழ்த்துக்கொள்ள ராணியம்மா விடவில்லை. வீதி சுற்ற வேண்டாம், அதில் ஒரு செடி வைக்கலாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ராணியம்மாவின் இரண்டு பொன்னும் கழிந்தது. கடன் தீர்ந்து, கருவூலம் அரைப் பொன் தர வேண்டியிருந்தது. கொடுக்கும்போது உதிர்த்துவிடுவது என்ற வழக்கம் அன்றோடு ஒழிந்தது. உடைந்த எண்ணுக்குத் தடையும் ஒழிந்தது. ஒன்றரை நாள் சுமந்தவனுக்கு ஒன்றரை நாள் கூலி என்று பறை அறைந்தார்கள்; தெருவில் அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அந்தப் பழைய புலவராம். குப்பாண்டிக்கு அரசர் தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தி, மடைப்பள்ளியில் அன்றைக்குச் சுட்ட அதிரசம் எல்லாவற்றையும் கூடையோடு கொடுத்தார். கூடையைத் தூக்கித் தலையில் வைத்தபோது சும்மாடு இல்லாமல் சால்வையையே சுருட்டி வைத்துக்கொண்டான். அம்மாவிடம் கற்ற பழக்கம், அது போகாது.

"அரைப் பொன்னை நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு என்ன?" என்று அரசர் கேட்டார். கேட்டது ஏகாம்பரனாரை.

 அவருக்குத் தன் தகப்பனார் முகம் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். பிறகு திருமணத்தில் தாலி கட்டியவுடன் விடும் பெருமூச்சு போல ஒன்றை விட்டுவிட்டு, "ஆளுக்கு அரைக்கால் பொன், மகாராஜா," என்றார்.

அரைக்கால் பொன்னுக்கு நாணயம் கிடையாது. பொற்கொல்லர் தராசு கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்தார். நான்கு துணுக்கையும் வீராயி முந்தானையில் முடிந்துகொண்டாள், அதிரசத் துண்டுகளுக்குப் பக்கத்தில். ஏகாம்பரனார் நான்கு ஓலையின் அடியிலும் 'தீர்ந்தது' என்று எழுதி, இனிச் செல்லாது என்பதற்கு அடையாளமாக நடுவில் துளை போட்டு, கோத்திருந்த நூலை உருவி எடுத்தார்.

"படிச்சுக் காட்டுங்க சாமி," என்றாள் வீராயி.

அவர் நான்கையும் ஒவ்வொன்றாகப் படித்தார். நான்காவது முறை கேட்டபிறகுதான் அவள் கூடையை நிமிர்த்தி எடுத்தாள்.